கங்காணியார் தின்ற க்ருஸ்டுலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு. படிப்பவர் பெண்மணியாயின் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். இலத்தீன் மொழியில் சிறிய இனிப்பு அப்பத்தைக் குறிக்கும் ஒரு சொல் உண்டு. அந்த மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். ஈப்போ நகரத்து ரொட்டிக் கடையொன்றில் அச்சொல்லை நான் கேட்டேன். கேட்ட சில மாதங்களுக்குள் எங்கள் தோட்டத்துப் பஞ்சாயத்தில் அதை எழுந்து நின்று சொல்ல நேர்ந்தது. என் அக்காவின் வாழ்வு எப்பக்கம் திரும்பும் என்பது அன்றைய தினம் அந்த அப்பத்தைப் பற்றிய வழக்கில் அடங்கியிருந்தது. சிறு பொருளைப் பற்றி இவ்வளவு எழுதுவானேன் என்று தாங்கள் நினைக்கலாம். முழுவதும் படித்த பின் தீர்மானிக்குமாறு வேண்டுகிறேன்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நிகழ்ந்தது. என் தகப்பனார் ஈப்போவுக்குத் தெற்கே, காம்பார் செல்லும் சாலையிலிருந்து விலகி உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. தாயார் காலமாகிவிட்டார். அக்காவும் தகப்பனாரோடு பால் வெட்டினார். நான் மட்டும் தோட்டத்தை விட்டு, ஈப்போவில் ஒரு சீனரின் ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியை நாங்கள் தவுக்கே என்று அழைப்போம். ரொட்டியைப் பொதிவதற்காக அவர் பழைய செய்தித்தாள்களை எடைக்கு வாங்குவார். அவற்றில் தமிழ்த் தாள்களும் கலந்து வரும். அடுப்பு காயும் வரை அவற்றைப் புரட்டிப் புரட்டி எழுத்துக் கூட்டினேன். நான் எழுதப் படிக்கக் கற்றது அவ்வாறுதான்.

அந்தக் கடையில் ரொட்டி தவிர ஒரு சிறிய அப்பமும் செய்வோம். முட்டையையும் சீனியையும் ஒரு பெரிய மண் சட்டியில் ஊற்றிச் சுருள் கம்பியால் அடிக்க வேண்டும். தோள் மரத்துப் போகும் வரை அடித்தால் அது வெளுத்து, நுரைத்து, சட்டியின் விளிம்புக்கு ஏறி வரும். அப்போது கோதுமை மாவைத் தூவி, பூ வடிவான தகர அச்சுகளில் ஊற்றி, விறகு அடுப்பில் வைப்போம். வெந்தபின் மேலே மெல்லிய பொருக்குக் கட்டி, உள்ளே பஞ்சு போல இருக்கும். மலாய்க்காரர்கள் அதைப் பாவ்லு என்றார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அது முட்டை ரொட்டி.

கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் திருநாள் சமயங்களில் அந்த அப்பத்தை வாங்க வருவார். வயதானவர். புதுச்சேரியில் இருந்து தமிழ் கற்றவராதலால், அச்சிட்ட புத்தகம் பேசுவது போலப் பேசுவார். நானும் அவர் பேச்சைக் கேட்பதற்காகவே மெல்ல எண்ணிப் பொதிவேன். ஒரு நாள் அவர் அப்பமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“மகனே, எங்கள் வழிபாட்டு மொழியாகிய இலத்தீனில் இதற்கு க்ருஸ்டுலும் என்று பெயர். சிறிய, இனிய அப்பம் என்பது பொருள்.”

“சோத்துக்குப் பதிலா திங்கறதுங்களா, சாமி?” என்றேன்.

“அன்று, அன்று. இதை உண்டு பசியாறியவர் எவரும் இலர். பண்டைய ரோமாபுரியில் எழுத்துக் கற்க மறுத்த குழந்தைகளுக்கு இதைக் கொடுத்து இணங்கச் செய்வார்களாம். நானும் அதற்காகவே வாங்குகிறேன். என் ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் வந்து அமர வேண்டுமே.”

அவர் சென்ற பின் அந்தச் சொல்லை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஏன் பிடித்தது என்று இன்றும் விளக்கத் தெரியவில்லை. அன்றாடம் என் கையால் செய்த ஒரு பொருளுக்கு, எங்கோ கடலுக்கு அப்பால், எப்போதோ மறைந்த மனிதர்கள் ஒரு பெயர் இட்டிருந்தார்கள் என்பது எனக்கு ஒரு மரியாதையாகத் தோன்றியது.

இனி அக்காவின் காரியத்துக்கு வருகிறேன். பாகான் செராய்ப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு கங்காணியார் தம் மகனுக்கு அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கங்காணி என்பவர் ஆட்களை வேலை வாங்கும் தலைவர். அவர் வீட்டுக்கு மருமகளாகப் போகிறவள் பால் வெட்ட வேண்டியதில்லை. என் தகப்பனார் பேராசைக்காரர் அல்லர். விடியும் முன் எழுந்து, அட்டை கடித்த கால்களோடு பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வரும் மகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்தவர். அந்த வாளியை அவள் கீழே வைக்கும் நாள் வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்.

ஆனால் விருந்தினரை எப்படி உபசரிப்பது என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்று வாய் திறந்து சொல்லும் வரை, அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது, எதையும் உண்ண மாட்டார்கள். உண்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். பெண்ணைப் பெற்றவர் கையால் உண்டுவிட்டுப் பிறகு பெண் வேண்டாம் என்பது அவரைக் கூப்பிட்டு அவமதிப்பதற்கு ஒப்பாகும். அந்தத் துன்பம் எவருக்கும் நேராதிருக்கவே முன்னோர் இவ்வாறு கட்டியிருக்க வேண்டும்.

தகப்பனாருக்கோ, அத்தனை தூரம் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் வருகிற கங்காணியாரை வெறும் வாயோடு அனுப்ப மனமில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது என்னிடம் கேட்டார்.

“ஏம்ப்பா, உங்க கடையில அந்த முட்டை ரொட்டி போடுறீங்களே, அது நம்ம அடுப்புல வெந்தது இல்லல்ல?”

“இல்லப்பா. சீனன் அடுப்பு.”

“கழுவாத கையால எடுத்துத் திங்கலாம்ல?”

“திங்கலாம்.”

“அப்ப அது கை நனைக்கிறதுல சேராது. ஒரு டின்னு கொண்டா.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. தோட்டத்தில் இதற்கு முன் எவரும் இத்தகைய யோசனை செய்ததில்லை. ஏனெனில் சம்பந்தம் பேசும் வீட்டில் கடை அப்பம் வைக்கும் காலம் அதற்கு முன் வந்ததில்லை.

அவர்கள் வந்த நாளில் எங்கள் லயத்து அறை நிறைந்துவிட்டது. கங்காணியார் பருத்த உடலினர், சிரித்த முகம். மகன் அவருக்குப் பின்னால், சுவரை ஒட்டிக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு தட்டில் அப்பங்களை அடுக்கிக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

கங்காணியார் தட்டைப் பார்த்தார். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னும் பேச்சு முடியல. நாங்க எதுவும் தொடக் கூடாது.”

“தெரியுமுங்க. இது கடையில செஞ்சது. நம்ம உப்பு, நம்ம தண்ணி ஒண்ணும் இதுல இல்ல” என்றார் தகப்பனார்.

“அப்ப சரி” என்று கங்காணியார் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கண்கள் சற்றே மூடின. “என்னது இது, வாயில வச்சதும் காணாமப் போவுது. மச்சான், இத எங்க வாங்குனீங்க?” என்று கேட்டுக்கொண்டே இரண்டாவதையும் எடுத்தார்.

மச்சான் என்ற அந்தச் சொல்லைக் கேட்டுத் தகப்பனாரின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். போகும்போது கங்காணியார், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

சொல்லி அனுப்பவில்லை. ஒரு மாதம் சென்றது, இன்னொன்றும் சென்றது. பிறகு, அவர்கள் காம்பாரில் வேறொரு பெண்ணைப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் தோட்டத்துக்கு வந்தது. பால் நிறுக்கும் இடத்திலும் குழாயடியிலும் அதே பேச்சாயிற்று. கை நனைத்துவிட்டுப் போன இடம், இனி அந்தப் பெண் அவர்களுடையது என்றார்கள் சிலர். கடை ரொட்டி எப்படிக் கணக்காகும் என்றார்கள் வேறு சிலர். இதற்கிடையில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அக்காவைப் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம், அங்கே முடிவு தெரியட்டும் என்று நின்றுவிட்டது. அக்காவுக்கு மணமும் நிச்சயமாகவில்லை. மணம் பேச வழியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் நின்றார்.

அதே இக்கட்டு கங்காணியாருக்கும் வந்தது. அவர் எங்கள் வீட்டில் தின்ற செய்தி காம்பார்க் குடும்பத்துக்கு எட்டி, முதலில் அந்த இடத்தைத் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே, எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி தலைமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துக் கூடுவது என்று இரு தரப்பும் இசைந்தன. பெரிய கங்காணி எனக்கும் ஓர் ஆணை அனுப்பினார். வழக்குக்குக் காரணமான பொருளைக் கண்ணால் காணாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது, எனவே ஒரு டின் நிறையக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த ஆணை.

நான் டின்னோடு வீட்டுக்கு வந்தபோது அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

“என்னையத்தான் சாட்சி சொல்லக் கூப்புடுவாங்க போலருக்கு” என்றேன். “பலகாரம்னு சொன்னா ஒனக்கு அந்த எடம் முடிஞ்சிரும். பலகாரம் இல்லன்னா விட்டுப் போயிரும். ஒனக்கு எது வேணும், அக்கா?”

அக்கா துணியைப் பிழிந்து உதறினார். “அன்னிக்கு அவங்கப்பா ரெண்டு தின்னாரு. நான் கதவுக்குப் பின்னாலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“ஆமா.”

“மாப்பிள்ளையா வந்தவரு தொடவே இல்ல. தட்டு அவரு பக்கமும்தான் வந்துச்சு. கையப் பின்னால கட்டிக்கிட்டாரு. அவங்கப்பா தின்ன தீனிக்கு நான் போயி அவரோட குடும்பம் நடத்தணுமா?”

“அப்பா என்ன சொல்வாரு?”

“அப்பாவுக்கு நான் வெட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். நீ போயி உண்மையச் சொல்லு. எனக்காக ஒண்ணும் கூட்டிச் சொல்லாத.”

விடியற்காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே கூடினோம். பெரிய கங்காணி பெஞ்சில் அமர்ந்தார். அவருக்கு இருபுறமும் தோட்டத்துப் பெரியவர்கள். எதிரே பாகான் செராய்க் கங்காணியாரும் அவர் மகனும். பெண்கள் கொட்டகைக்கு வெளியே நிழலில் நின்றார்கள். டின் நடுவில் ஒரு முக்காலியின் மேல் வைக்கப்பட்டது. அதைக் காண்பதற்காகவே சிலர் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் என் தகப்பனார் பேசினார். “எங்க வீட்டுக்கு வந்தாரு. ரெண்டு தின்னாரு. ரெண்டாவத எடுக்கறப்ப என்னைய மச்சான்னு கூப்பிட்டாரு. அதுவரைக்கும் அண்ணேன்னுதான் கூப்பிட்டாரு. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?”

“ரயில்ல பக்கத்துல ஒக்கார்றவனயும் நான் மச்சான்னுதான் கூப்புடுவேன்” என்றார் கங்காணியார். “அதுக்கெல்லாம் பொண்ணு குடுப்பாங்களா? இவருதான் சொன்னாரு, இதுல எங்க உப்பு இல்ல, தண்ணி இல்லன்னு. அந்தப் பேச்ச நம்பித்தான் தின்னேன்.”

வெளியிலிருந்து ஒரு கிழவியின் குரல் கேட்டது. “ரெண்டு இல்ல, மூணு. மூணாவத மடியில கட்டிக்கிட்டுப் போனத நான் பாத்தேன்.”

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. கங்காணியார் காதைச் சொறிந்தார். “அது என் மக புள்ளைக்கு” என்றார். “மடியில வச்சது திங்கறதுல சேராதுலா.”

பெரிய கங்காணி கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கிவிட்டு என்னை அழைத்தார். “நீதானே இத அடுப்புல போடுறவன். இது என்ன? ரொட்டியா, பலகாரமா, மருந்தா? சரியாச் சொல்லு.”

நான் எழுந்து நின்றேன். செய்முறையைச் சொன்னேன். பிறகு, “எங்க கடைக்கு வர்ற பாதிரியார் சாமி சொன்னாருங்க. அவங்க பழைய மொழியில இதுக்கு க்ருஸ்டுலும்னு பேரு. சின்ன இனிப்பு அப்பம்னு அர்த்தம். ரோமாபுரியில புள்ளைங்க படிக்க மாட்டேன்னு அடம் புடிச்சா, தாஜா பண்ண இதக் குடுப்பாங்களாம். பசிக்குத் திங்கறது இல்லீங்க” என்றேன்.

“ரோமாபுரி எங்க இருக்கு?” என்றார் ஒரு பெரியவர். “காம்பாருக்கு அந்தாண்டையா?”

“சும்மா இருய்யா” என்றார் பெரிய கங்காணி. பிறகு என்னிடம், “அப்ப, தாஜா பண்றதுக்குத்தான் உங்கப்பாரு இத வச்சாருன்னு சொல்றியா?” என்று கேட்டார்.

நான் தகப்பனாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் டின்னைப் பார்த்தபடி பேசினார்.

“அப்ப என் வீட்டுல அவரு ஒண்ணுமே திங்கல. நான் ஒண்ணுமே போடல. அப்படித்தானே?”

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. தம்மிடம் இருந்ததில் மிக நல்லதை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தவரிடம், நீர் கொடுத்தது ஒன்றுமில்லை என்று சொந்த மகன் சபையில் சொல்லியிருக்கிறான். நான் சொன்னது உண்மை. அவர் கேட்டதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

பெரிய கங்காணியும் குழம்பிப் போனார். இதை இன்று நினைத்துப் பார்க்கையில் அவர் மேல் எனக்குப் பரிவே தோன்றுகிறது. எங்கள் வழக்கங்கள் அரிசியை அறியும். உப்பையும் தண்ணீரையும் அறியும். வெற்றிலை பாக்கை அறியும். அவை கப்பலேறி எங்களோடு இந்த நாட்டுக்கு வந்தபோது, சீனர் அடுப்பில் வெந்து இலத்தீனில் பெயர் பெற்ற ஒரு பண்டம் தங்கள் முன் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை. தெரியாத பொருளைத் தெரிந்த விதியால் அளக்க வேண்டிய வேலை அவர் தலையில் விழுந்தது.

கடைசியில், “எந்த மொழியில என்ன பேரோ எனக்குத் தெரியாது” என்று தொடங்கினார். “வாயில போட்டு, மென்னு, முழுங்குனா அது தீனிதான். பொண்ணு வீட்டுல தீனி தின்னா...”

அந்த வாக்கியம் முடியும் முன் அக்கா கொட்டகைக்குள் வந்தார். தலையில் முக்காடு இட்டிருந்தார். கையில் எங்கள் வீட்டுப் பித்தளைத் தட்டு இருந்தது. யாரையும் நிமிர்ந்து பாராமல் முக்காலி அருகே சென்று டின்னைத் திறந்து, அப்பங்களைத் தட்டில் கொட்டினார். பிறகு நேரே பெரிய கங்காணியின் முன் நின்றார்.

“பெரியய்யா, கண்ணால பாத்தா மட்டும் போதுமா? தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க.”

அவர் தயங்கினார். ஆயினும் நியாயமான பேச்சு என்று பட்டிருக்க வேண்டும். ஒன்றை எடுத்துத் தின்றார். அக்கா அடுத்தவரிடம் சென்றார். அவரும் எடுத்தார். ரோமாபுரியைப் பற்றிக் கேட்ட பெரியவர் ஒன்றை வாயிலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டார். அக்கா பாகான் செராய்க் கங்காணியாரிடம் தட்டை நீட்டியபோது, அவர் இரு கைகளையும் விரித்து, “ஆத்தா, ஒரு தடவ தின்னது போதும்” என்றார். மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

இறுதியாக அக்கா மகனிடம் வந்தார். மற்றவர் முன் நின்றதை விடச் சற்றுக் கூடுதலாக அங்கே நின்றார். அந்த இளைஞர் தரையைப் பார்த்தபடி இருந்தார். கை எழவில்லை. அக்கா தட்டை முக்காலியின் மேல் வைத்தார்.

“எல்லாரும் எங்க வீட்டுத் தட்டுலேர்ந்து எடுத்துத் தின்னுட்டீங்க. நான் யாரு வீட்டுக்குப் போகணும்?” என்றார். குரலை உயர்த்தவில்லை. “பெரியய்யா வீட்டுக்கா, இந்தத் தாத்தா வீட்டுக்கா? தின்னவங்களயே கேட்டுக்கிட்டு இருக்கீங்க. திங்காதவரு ஒருத்தரு அங்க ஒக்காந்திருக்காரு. அன்னிக்கும் தொடல, இன்னிக்கும் தொடல. அவர யாருமே ஒரு வார்த்த கேக்கல.”

பெரிய கங்காணி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு அந்த இளைஞரை நோக்கித் திரும்பினார்.

“ஏம்ப்பா. ஒனக்குச் சம்மதமா, இல்லியா?”

அவர் தம் தகப்பனாரைப் பார்த்தார். பிறகு, “இல்லீங்க” என்றார். “பொண்ணு மேல ஒரு கொறயும் இல்லீங்க. எனக்குத்தான் மனசு இல்ல. அப்பாகிட்ட வரும்போதே சொன்னேன்.”

கங்காணியார் மகனை அதட்ட வாயெடுத்தார். பெரிய கங்காணி கையால் தடுத்தார். தீர்ப்பு அதற்குப் பிறகு அதிக நேரம் எடுக்கவில்லை. இது தீனிதான், ஆனால் சம்மதம் ஆகாது என்றார் அவர். “தின்னது கங்காணி. கட்டிக்கப் போறவன் திங்கல. அதனால இந்தப் பொண்ணு யாருக்கும் கட்டுப்பட்டவ இல்ல. எந்த எடத்துல வேணும்னாலும் பேசலாம். இனிமே இதப் பத்தி எவனும் குழாயடியில பேசக் கூடாது.”

பிறகு அவர் என் தகப்பனாரிடம் திரும்பிச் சொன்னார்: “ஒன் வீட்டுல நல்லாத்தான் போட்டிருக்க. நானே இன்னிக்குத்தான் தின்னேன். அவரு வேணாம்னு போனதுக்கு நீ போட்டது கொறையில்ல.” சபையில் வைத்து அவர் இதைச் சொன்னதற்காக நான் அவருக்கு என்றென்றும் நன்றியுள்ளவன். தகப்பனார் தலையை மட்டும் அசைத்தார்.

பாகான் செராய்க் கங்காணியார் வண்டியேறும் முன் தகப்பனாரிடம் வந்து, “மனசுல வச்சுக்காதீங்க” என்றார். இம்முறை அண்ணே என்றும் அழைக்கவில்லை, மச்சான் என்றும் அழைக்கவில்லை. தகப்பனார், “போயிட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் விடியும் முன் அக்கா வழக்கம் போல் வாளியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குச் சென்றார். தகப்பனாரும் உடன் சென்றார். பல வாரங்கள் அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவில்லை என்று அறிந்தேன். மகள் அந்த வாளியை அன்றே கீழே வைத்திருக்கலாம். வைக்காமல் தானே தூக்கிக்கொண்டாள் என்பது அவருக்குத் தீராத வருத்தம். அக்காவுக்கும் அது தெரியும். எனினும் தாம் செய்தது தவறென்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

வெகுநாள் கழித்து ஒரு நாள் மாலை, பால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தகப்பனாரே பேச்சைத் தொடங்கினாராம். “அந்தப் பையன் தொடலன்னு நான் பாக்கல” என்றாராம். “நீங்க அவங்கப்பா வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க” என்றாராம் அக்கா. அதற்குத் தகப்பனார் சற்றுச் சிரித்ததாக அக்கா பின்னர் என்னிடம் கூறினார்.

ஓராண்டுக்குப் பின் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கிலிருந்து வண்டி ஓட்டும் ஒருவர் அக்காவைப் பெண் கேட்டு வந்தார். அவரோடு வந்த பெரியவர்கள் வழக்கப்படி எதையும் தொடாமல் அமர்ந்திருந்தார்கள். தகப்பனார் அவர்களை எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையாக வந்தவரை மட்டும் அருகில் அழைத்து, “தம்பி, பெரியவங்க பேச்சு அப்புறம் இருக்கட்டும். நீ வாயத் தொறந்து சொல்லு. அப்பறம்தான் ஒல வைப்பேன்” என்றார். அவர் சம்மதம் என்று தெளிவாகச் சொன்னார். அடுத்ததாகத் தகப்பனார் உள்ளே திரும்பி அக்காவையும் அதே கேள்வி கேட்டார். வந்தவர்கள் வியந்து போனார்கள்; பெண்ணை அவ்வாறு சபையில் கேட்பது அக்காலத்தில் இல்லை. அக்கா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அரிசி களையும் ஓசைதான் கேட்டது. அதைக் கொண்டு எல்லோரும் தெரிந்துகொண்டோம்.

இந்த வரலாற்றை அறிந்தவர்களுள் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவனே. அந்தத் தோட்டமும் துண்டுதுண்டாக விற்கப்பட்டுவிட்டது. ஐயா, அம்மையீர், இதில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.